நாலு ரீவியும் ஒரு கேற்றும்

மட்டக்களப்புக் கல்லடியில் அக்கா வீடு மூன்று தட்டு. ரீவி நாலு. டிஷ் பெட்டி ஒன்று. "நீ கொம்பியூட்டர் படிச்சவன்தானே தம்பி, அந்த ஒரு பெட்டியை நாலுக்கும் இழுத்து விடு" என்றார் அத்தான். நான் படித்தது கணக்கியல். கொம்பியூட்டர் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கேட்டது அத்தான் ஆச்சே, முடியாது என்று சொல்ல வாய் வருமா?

முதலில் ஸ்ப்ளிட்டர் வாங்கினேன். ஒன்றாகப் போய் நாலாக வெளியே வரும் சின்னப் பெட்டி. படம் வந்தது, நாலிலும் ஒரே படம். ஒரு சட்டிச் சொதியை நாலு கோப்பையில் ஊற்றினால் நாலு கறி ஆகுமா? அத்தான் கடைசி ஓவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மம்மா மெல்ல ஹோலுக்கு நடந்து வந்து, ரிமோட்டை எடுத்து, நாடகத்துக்கு மாற்றிவிட்டு, மெல்லத் திரும்பிப் போவா. ஒரு வார்த்தை பேசமாட்டா.

அதைவிடப் பெரிய கரைச்சல், அத்தானின் புது 55 அங்குல 4கே ரீவியில் படம் மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு ரீவியும் 'எனக்கு இவ்வளவுதான் ஏலும்' என்று வயர் வழியே பெட்டிக்கு ஒரு தகவல் அனுப்பும். ஈ.டி.ஐ.டி. என்பார்கள். அம்மம்மாவின் பழைய ரீவி படத்தில் 720 வரிக்கு மேல் ஏலாத ஆள். நான் வாங்கிய மலிவு ஸ்ப்ளிட்டர், நாலுக்கும் ஒத்துவரட்டும் என்று எல்லாவற்றையும் 720க்கு இறக்கிவிட்டது. "வீட்டில ஒராளுக்குச் சீனி வருத்தம் எண்டு எல்லாருக்கும் சீனி போடாத தேத்தண்ணி குடுக்கிற மாதிரி அத்தான்" என்று விளக்கினேன். அத்தானுக்கு உண்மையிலேயே சீனி வருத்தம். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சரி, மற்றிக்ஸ் வாங்குவோம் என்று முடிவானது. நாலு உள்ளே, நாலு வெளியே, எந்த ரீவிக்கு எதை வேண்டுமென்றாலும் திருப்பலாம். ஒரு டிஷ் பெட்டியிலிருந்து இரண்டு சனல் எடுக்க அதாலும் முடியாது என்பதால், அம்மம்மாவின் நாடகத்துக்குத் தனியாக ஒரு அன்ட்ரொய்ட் பெட்டி. மூன்றாவதில் என் லெப்டொப். நாலாவதில் கேற் கமரா. தேங்காய் களவு போனதிலிருந்து அத்தான் பொருத்தி வைத்தது, மைக்கும் உண்டு.

மேல்தட்டுக்கு 20 மீற்றர் எச்.டி.எம்.ஐ. வயர் இழுத்துப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள் பறந்தன, பிறகு அதுவும் இல்லை. அந்தத் தூரத்துக்குச் சாதா வயர் தாங்காதாம். ஆகவே இரண்டு முனையிலும் ஒவ்வொரு குட்டிப் பெட்டி, நடுவில் நெற்வேர்க் வயர். அந்த வயருக்குள் எட்டு நூல். செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, மண்ணிறம்-வெள்ளை, மண்ணிறம் என்று நகத்தால் நீவி வரிசையாக்கி, பிளக்குத் தலையில் செருகி, இடுக்கியால் நசுக்க வேண்டும். வியர்த்த விரலில் பச்சையும் நீலமும் இடம் மாறிக்கொள்ளும். ஒரு பின்னேரம் முழுக்க மாறிக்கொண்டன.

கடைசியில் எல்லாம் சரி, ஹோல் ஸ்பீக்கரில் மட்டும் ஒரே 'ம்ம்ம்ம்'. 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தடியில், பூரணை இரவில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீன் கேட்பார்களே, அது மாதிரி. (மட்டக்களப்பான் எவனும் இந்த இடத்தில் மீனை இழுக்காமல் விடமாட்டான், நானும்தான்.) ரீவி ஒரு சொக்கெட்டில், அம்ப்ளிஃபயர் இன்னொன்றில், இரண்டு எர்த்துக்கும் நடுவே வயரின் கவசத்தில் ஓடிய கரண்டுதான் அந்த 50 ஹேர்ட்ஸ் மீன். இரண்டையும் ஒரே சொக்கெட்டில் குத்தினேன், மீன் செத்தது.

அடுத்த ஞாயிறு என் மருமகளை, அதாவது அக்காவின் மகளை, பொம்பிளை பார்க்க அக்கரைப்பற்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பொம்பிளைக்கு வீடு கொடுக்கிற வழமை, ஆகவே வந்தவர்கள் பொம்பிளையை அரை மணித்தியாலம் பார்த்தால் வீட்டை ஒரு மணித்தியாலம் பார்ப்பார்கள். அன்றைக்கென்று மேல்தட்டில் படம் நின்றுவிட்டது. அவர்கள் படியேறி வந்த நேரம் நான் ஏணியில், கழுத்தில் வயர்ச்சுருள், வாயில் இடுக்கி. தலையை ஆட்டி வரவேற்றேன்.

தேத்தண்ணி குடித்து, சிரித்து, விடைபெற்றார்கள். நாங்கள் ஹோலில் வந்து உட்கார்ந்து 'என்ன சொல்லுவினமோ' என்று பெருமூச்சு விடுவதற்குள், அம்மம்மா நாடகம் தேடி மற்றிக்ஸ் ரிமோட்டை அமத்தியிருக்கிறா. நாலு ரீவியிலும் ஒரே நேரத்தில் கேற் வந்தது. கேற்றடியில் வானுக்குக் காத்துக்கொண்டு அவர்கள். அம்மம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் சத்தம் ஏற்கெனவே உச்சத்தில்.

"பொம்பிள நல்லம்" என்றது ஒரு குரல், மூன்று தட்டிலும்.

அக்கா கும்பிட்டா.

"வீடும் நல்லம்."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுசரி, அந்த வயரோட திரிஞ்ச பொடியன் ஆரு?"

"மாமனாம்."

"பாவம். சின்னனில இருந்தே அப்பிடியாமோ?"

நான் ரிமோட்டைப் பறிக்க ஓடினேன். அதற்குள் அம்மம்மா ரீவியைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தா:

"இல்ல மனே, சின்னனில நல்லாத்தான் இருந்தவன்."