பத்தாம் ஆண்டு எம்எக்ஸ்-5 வாங்கலாமா, சாதா வண்டியே போதுமா?

பழைய கார் பார்க்கப் போகிறேன் என்றால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் கொடைக்கானல் காந்தம் என்னோடு வந்துவிடும். அதைக் கைக்குட்டையில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடுகிற சட்டத்தில் வைத்து மெல்ல நகர்த்துவேன். இங்கே இங்கிலாந்தில் அதைச் 'சில்' என்கிறார்கள். தகடு நல்லபடியாக இருந்தால் காந்தம் துணியோடு ஒட்டிக்கொண்டே வரும். துருவை மறைத்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் பிடி விட்டுப் போகும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, டார்பியிலிருந்து கிளம்பி ஒரே நாளில் இரண்டு வண்டிகள் பார்த்தோம். இரண்டும் துணிக்கூரையை இறக்கி ஓட்டும் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1999ஆம் வருஷத்து வண்டிகள், 1.8 லிட்டர். ஒன்று கரும்பச்சை நிறச் சாதா வண்டி, 2,400 பவுண்டு கேட்டார்கள். மற்றது நீல நிறப் பத்தாம் ஆண்டுப் பதிப்பு, 4,600 பவுண்டு. கூட வந்தவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மதுரைக்கார அண்ணன். இரண்டு பேருக்குமே ஆளுக்கொரு வண்டி வேண்டும். யாருக்கு எது என்பதை மட்டும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்எக்ஸ்-5 முதன்முதலாக 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் வந்தது. பத்து வருஷம் ஆனதைக் கொண்டாட 1999இல் மாஸ்டா மொத்தம் 7,500 வண்டிகள் செய்தது. ஐரோப்பாவுக்கு 3,700, அதில் பிரிட்டனுக்கு 600. எல்லாம் ஒரே நீலம்தான். முன் மட்கார்டில் அந்த வண்டியின் வரிசை எண்ணோடு ஒரு சின்னப் பட்டயம் இருக்கும்.

பிரிட்டனில் எம்எக்ஸ்-5க்கு ஸ்பெஷல் எடிஷன் என்ற பெயரில் வந்தவை ஏராளம். கலிபோர்னியா, ஐகான், அரிசோனா, மொன்டானா, நெவாடா, யூஃபோனிக் என்று விளம்பரங்களில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெரும்பாலும் அவை ஒரு தனி நிறம், லெதர் சீட், நல்ல மியூசிக் சிஸ்டம், ஒரு பேட்ஜ், அவ்வளவுதான். அவற்றுக்காக ஒரு பவுண்டுகூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பத்தாம் ஆண்டுப் பதிப்பை அந்த வரிசையில் வைக்க முடியாது. சாதா வண்டியில் ஐந்து கியர் இருந்தபோது இதில் ஆறு கியர் வந்தது. ஷாக் அப்சார்பர்கள் பில்ஸ்டீன் கம்பெனியுடையவை. பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கத்து சஸ்பென்ஷன் கோபுரங்களையும் இணைத்து ஒரு குறுக்குக் கம்பி. உள்ளே நீலமும் கறுப்புமாக சீட்டு, அதே இரண்டு நிறத்தில் ஸ்டீயரிங், மீட்டர்களைச் சுற்றிக் குரோம் வளையம். வெளியே பாலிஷ் செய்த 15 அங்குல வீல்கள்.

எஞ்சின் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். 1,839 சிசி, 140 குதிரைசக்தி. இந்தக் காலத்தில் குடும்பக் கார்களிலேயே இதைவிட அதிகம் வருகிறது. ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னைச் சற்றுத்தான் தாண்டும், அந்த எடையும் முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி என்று ஏறக்குறையச் சமமாக உட்கார்ந்திருக்கும். பேட்டரியை டிக்கியில் வைத்ததுகூட அந்தக் கணக்குக்கு உதவுகிறது. கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இறுக்கிப் பிணைத்திருப்பதால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தொய்வில்லாமல் பின் சக்கரம் தள்ளுவதை உணர முடியும். குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒரே உடல் என்ற பொருளில் 'ஜின்பா இத்தாய்' என்று ஜப்பானியர்கள் சொல்வதுதான் இந்த வண்டிக்கு அடிப்படை. முதல் தலைமுறை வண்டியை உருவாக்கத் தலைமை தாங்கிய தோஷிஹிகோ ஹிராய் அதைப் பிடிவாதமாகக் காப்பாற்றினார். அந்தக் குணம் சாதா வண்டியிலும் முழுசாக இருக்கிறது. எண் பொறித்த வண்டியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றெல்லாம் இல்லை.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

முதலில் நீலம். கராஜ் கதவு மேலே ஏறியதும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். காலை வெயில் சாய்வாக விழ, அந்த நீலம் தோள்பக்கம் கருநீலமாகவும் கதவில் ஊதா கலந்தும் தெரிந்தது. நானும் அசந்துதான் போனேன். அப்புறம் கீழே குனிந்து பார்த்தேன். பாலிஷ் செய்த வீல்களின் மேல்பூச்சு விளிம்பில் தூக்கியிருந்தது. அதற்கடியில் அலுமினியம் பூத்து, வெள்ளை நூல் நூலாகப் புழு ஊர்ந்த தடம் போல ஓடியிருந்தது. டிரைவர் சீட்டின் வெளி விளிம்பில், ஏறி இறங்கும்போது தொடை உராயும் இடத்தில், மெத்தென்று இருக்க வேண்டிய துணி வழுவழுவென்று தேய்ந்து அடிநூல் தெரிந்தது. காந்தத்தை வைத்தேன். கதவுக்குக் கீழே நன்றாக வந்தது. பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், இடது பக்கம், கைக்குட்டையோடு தரையில் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது.

அந்த இடம்தான் எம்எக்ஸ்-5இன் பலவீனமான இடம். துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள ஓட்டைகள் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே போக வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து அந்த வழி அடைத்துக்கொண்டால் தண்ணீர் சில்லுக்குள் தேங்கி உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கும். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். இரண்டாம் தலைமுறையில் இன்னொரு இடமும் உண்டு. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னால் நீளும் சேஸி சட்டங்கள். அங்கே தகடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் ஈரம் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அடியில் பிளாஸ்டிக் மூடி இருப்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. லிஃப்டில் ஏற்றி, மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இந்த வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நீல வண்டியை அருகில் இருந்த ஒரு பட்டறையில் ஏற்றிப் பார்த்தோம். சேஸி சட்டங்கள் பரவாயில்லை. சில் இரண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது.

பச்சை வண்டி செஸ்டர்ஃபீல்டில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இருந்தது. பெயிண்ட் மங்கல், பானெட்டில் கல் பட்ட புள்ளிகள். ஆனால் காந்தம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு இடத்திலும் விழவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்தத் தண்ணீர் வழிகளைச் சுத்தம் செய்வாராம். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது முதல் எல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் இருந்தது. இங்கே வண்டியின் நம்பரைப் போட்டால் அரசாங்க இணையதளத்தில் 2005இலிருந்து உள்ள ஆண்டுச் சோதனை வரலாறு இலவசமாகக் கிடைக்கும். மைல் கணக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளும் அவர் சொன்னதோடு வரிக்கு வரி ஒத்துப்போயின.

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. ஒரு வண்டிக்கு மாஸ்டா 1999இல் என்ன கொடுத்தது என்பதைவிட, அதற்குப் பிறகு அதை வைத்திருந்தவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்குத்தான் நான் பணம் கொடுக்க நினைத்தேன். அண்ணனின் மனது நீலத்தில் நின்றுவிட்டது. திரும்பி வரும்போது சொன்னார்: "நான் இந்த நாட்டுல கால் வச்ச வருஷம் தம்பி அது. அந்த வருஷத்து வண்டி, அதுலயும் நம்பர் போட்டது. வெல்டிங் பண்ணிக்கலாம்." அதற்கு மேல் நான் என்ன சொல்வது? துருவைக் காட்டிப் பேசி 4,000க்கு முடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான ஒப்பீடு. அண்ணனுக்கு சில் வேலைக்கு 950 பவுண்டு ஆனது. அதுகூடப் பெரிசில்லை, தகடு சாதா வண்டிக்கும் இதற்கும் ஒன்றுதான். சீட்டுத் துணிதான் அவரைப் படுத்தியது. அந்த நீலமும் கறுப்புமான துணி அந்த 7,500 வண்டிகளில் மட்டும் வந்தது. பழைய பாகங்கள் விற்பவர்களிடம் ஏழு மாதம் தேடினார். ஒருவரிடம் கிடைத்தது, அதிலும் அதே விளிம்பு தேய்ந்திருந்தது. எல்லோரும் அதே பக்கமாகத்தானே ஏறி இறங்குகிறார்கள்! என் வண்டியில் கண்ணாடி உடைந்தபோது வேறொரு பச்சை வண்டியிலிருந்து கழற்றியது 30 பவுண்டுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. எண் பொறித்த வண்டி பார்க்கும்போது எஞ்சினைவிட முதலில் சீட்டு, கார்ப்பெட், ஸ்டீயரிங், வீல் இவற்றைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எஞ்சின் கிடைக்கும், அந்தத் துணி கிடைக்காது.

விலை வித்தியாசத்தில் மிச்சமான பணத்தில் நான் பச்சை வண்டிக்கு நான்கு ஷாக் அப்சார்பரும் புதிதாகப் போட்டேன். பில்ஸ்டீனேதான், இந்த வண்டிக்கு இன்றும் கடையில் கிடைக்கிறது. கூடவே புது ரப்பர் புஷ்கள், நல்ல டயர்கள், வீல் அலைன்மென்ட். அப்படியும் மிச்சம் இருந்தது.

போன மே மாதம் இரண்டு வண்டிகளையும் எடுத்துக்கொண்டு கிராம்ஃபோர்டு போனோம். தண்ணீர் விசையில் வெற்றிகரமாக ஓடிய முதல் பஞ்சு நூற்பு ஆலையை ஆர்க்ரைட் 1771இல் கட்டிய ஊர். கோயம்புத்தூரில் மில் தொழிலாளி மகனாக வளர்ந்த எனக்கு அந்தக் கல் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் அப்பாவின் ஞாபகம் வரும், ஒரு நிமிஷமாவது நிற்காமல் போக மாட்டேன். அங்கிருந்து மேற்கே ஏறும் ஏ5012 சாலைக்கு வியா ஜெல்லியா என்று பெயர். இரண்டு பக்கமும் மரம், வளைவுக்கு மேல் வளைவு, வேகத்துக்கு இடமில்லாத, இந்த வண்டிக்கென்றே போட்டது போன்ற சாலை. மேலே போய் சாவியை மாற்றிக்கொண்டோம்.

நீல வண்டியின் ஆறு கியர் பற்றி. கியர்கள் நெருக்கமாக இருப்பதால் வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் சரியான சுருதியில் நிற்கிறது, அது ஒரு சுகம். ஆனால் ஆறாவது கியர் மோட்டார்வேயில் எஞ்சினை அமைதியாக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். இந்தப் பெட்டியில் நேர் கியர், அதாவது எஞ்சினின் சுற்றை அப்படியே கடத்தும் கியர், ஐந்தாவது; ஆறாவது விகிதம் 0.84. சாதா வண்டியில் நான்காவது நேர் கியர், ஐந்தாவது 0.81. 70 மைல் வேகத்தில் இரண்டு வண்டியிலும் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறது. குளிர்ந்த காலையில் ஆறு கியர் பெட்டி இரண்டாவதுக்குப் போக அடம்பிடிக்கும். என் ஐந்து கியர் பெட்டியில் மணிக்கட்டை அசைத்தாலே போதும், டக்கென்று விழும். உலகத்தில் எத்தனையோ நல்ல கியர்பாக்ஸ்கள் இருக்கலாம், எனக்கு இதைவிட ஒன்று வேண்டாம்.

சஸ்பென்ஷனில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நீல வண்டியில் இருந்தவை 24 வருஷத்து ஒரிஜினல் பில்ஸ்டீன்கள், பின்னால் ஒன்று எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. மேடு ஏறி இறங்கினால் வண்டி இன்னொரு முறை தலையாட்டிவிட்டுத்தான் அடங்கியது. பச்சை ஒரே மூச்சில் அடங்கியது. அண்ணன் என் வண்டியிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார். "ஒரிஜினலா இருக்கணும்னு மாத்தாம வச்சிருந்தேன் தம்பி," என்றார். அடுத்த மாதமே புதுசு போட்டுவிட்டார். பழையவற்றைத் துடைத்து, பெட்டியில் கட்டிக் கராஜ் மேல்தட்டில் வைத்திருக்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டும். எண் பொறித்த வண்டியில் கழற்றும் எதையும் தூக்கிப் போடக் கூடாது.

யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன். மழையிலும் குளிரிலும் தினமும் ஓட்ட வேண்டும் என்றால் சாதா வண்டி, அதிலும் துரு இல்லாதது, நிறம் எதுவாக இருந்தாலும். பத்தாம் ஆண்டு வண்டிதான் வேண்டும் என்றால், தகடும் உள்ளலங்காரமும் இரண்டும் நன்றாக இருக்கும் ஒன்று வரும்வரை காத்திருங்கள், அதற்குக் கேட்கிற விலை நியாயம்தான். எண் மட்டும் இருந்து மற்றதெல்லாம் போன வண்டிக்குச் சாதா வண்டியின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். அண்ணன் கொடுத்தார், அவருக்கு ஒரு காரணம் இருந்தது, அது விலைப்பட்டியலில் வராத காரணம். சாலையில் உப்பு போடும் மாதங்களில் அவர் நீலத்தை வெளியே எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன், வீட்டுக்கு வந்து அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளின் தண்ணீர் வழிகளையும் சுத்தம் செய்தோம். புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, நுனியைத் தீயில் காட்டி மழுக்கிக்கொண்டால் அதைவிட நல்ல கருவி இல்லை. கூரையைப் பாதி இறக்கி, சீட்டுக்குப் பின்னால் மூலையில் கையை விட்டு, ஓட்டையைத் தடவிப் பிடித்து உள்ளே செலுத்த வேண்டும். பச்சையில் சொம்புத் தண்ணீர் ஊற்றியதும் கீழே ஒழுகியது. நீலத்தில் வலது பக்கம் வந்தது, இடது பக்கம் வரவில்லை. அண்ணன் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார். நான் கயிற்றை உருட்டி உருட்டி இன்னும் நாலு விரல் உள்ளே விட்டேன். ஏதோ நெகிழ்ந்தது. மறுபடி மெல்லத் தண்ணீர் ஊற்றினேன்.

"கறுப்பா வருது... இரு இரு... இலை வருது... இப்பத் தெளிஞ்சிருச்சு தம்பி, ஊத்து."