வாய்க்கால்ல சிம்சன் ரூல்

நவம்பர் 19, புதன்

நியூமெரிக்கல் மெத்தட்ஸ்ல ட்ரப்பிசாய்டல் ரூலும் சிம்சன் 1/3 ரூலும் இன்னைக்கு முடிஞ்சிட்டு. ஒரு வளைவுக்குக் கீழ உள்ள பரப்பத் தோராயமா கண்டுபிடிக்கிற வழிதான் ரெண்டும், முதலாவது புள்ளிகள நேர்கோட்டால சேக்கும், ரெண்டாவது வளைகோட்டால. போர்டுல போட்ட கணக்கு பூரா லாக் 2 வாற அந்தப் பழைய இன்டக்ரல்தான். கையால போட்டாலே சரியா விடை வாற ஒண்ணுக்கு எதுக்கு இந்த மெத்தட்னு க்ளாஸ்ல யாரும் கேக்கல. மார்க் வந்துரும், ஆனா இது எங்க வேலைக்கு ஆவும்னு தெரியாமலே டிகிரிய முடிச்சிட்டுப் போறது எனக்கு ஒப்பல.

சாயந்திரம் மாமா வீட்டுல பேப்பர் பாத்துட்டு இருந்தாவ. "பாபநாசம் அணையில இத்தன கன அடி தண்ணி தொறந்தாச்சுன்னு டெய்லி போடுதான், அத எப்படில அளக்கான்?" மாமாவுக்கு நெல்லைக் கால்வாய் பாசனத்துல வயல், பிசான நெல் சாகுபடிக்கு நாத்துப் பாவியாச்சு, தண்ணி எவ்வளவு வருதுங்கறது அவாளுக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்ல.

நவம்பர் 22, சனி

மாமா கேட்டத நாங்களே கால்வாய்ல அளந்தாச்சு! தண்ணியோட குறுக்குவெட்டுப் பரப்பையும் வேகத்தையும் பெருக்குனா செகண்டுக்கு எவ்வளவு ஓடுதுன்னு வந்துரும். சுத்தமல்லி அணைக்கட்டுல பிரிஞ்சு வாற கால்வாய், பேட்டைப் பக்கம் நாங்க நின்ன இடத்துல 8 மீட்டர் அகலம். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயித்த ரெண்டு கரையிலயும் இழுத்துக் கட்டி, மாமா மூங்கில் கம்போட உள்ள எறங்கி ஒவ்வொரு முடிச்சுக்கும் ஆழம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 0, 0.4, 0.6, 0.8, 0.9, 0.85, 0.7, 0.4, 0. நடுவுல இடுப்பளவு வந்துட்டு. அடியில சேறு, கம்பு கொஞ்சம் உள்ள போவுது, அதனால கம்ப அழுத்தாம மெதுவா வைக்கணும்னு மாமாவே சொன்னாவ.

வேகத்துக்கு ஒரு தென்னங்குரும்பைய விட்டோம். குரும்பை முக்காவாசி முங்கித்தான் மிதக்கும், காத்து தள்ளாது. 20 மீட்டருக்கு 34 செகண்ட்.

நவம்பர் 23, ஞாயிறு

குறுக்குவெட்டுப் பரப்பு, ஒண்ணு விட்டு ஒரு முடிச்ச மட்டும் எடுத்தா ட்ரப்பிசாய்டல்ல 4.4 சதுர மீட்டர், எல்லா முடிச்சையும் எடுத்தா 4.65. சிம்சன்ல 4.67, அப்புறம் 4.73. சிம்சன் முதல் தடவையே கிட்டக்க வந்துட்டு பாருங்க. அந்த தாமஸ் சிம்சன் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல தறி நெய்தவரு, நம்ம வீரவநல்லூர்க்காரங்க மாதிரி.

அதுக்கப்புறம் பாத்ததுதான் தூங்க விடல. 4.65-ஐ நாலால பெருக்கி, 4.4-ஐக் கழிச்சு, மூணால வகுத்தேன், 4.73! சிம்சன் தந்த அதே நம்பர், தசமம் வரைக்கும். இடைவெளியப் பாதியாக்குனா ட்ரப்பிசாய்டல் பிழை ஏறக்குறைய நாலுல ஒரு பங்காவும், அதனால ரெண்டு தோராய விடையச் சேத்து பிழையோட பெரிய பகுதிய அடிச்சிரலாம், அப்படி அடிச்சா மிஞ்சுறதுதான் சிம்சன். ரெண்டு ரூலையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணிட்டு இருந்தோமே, ஒண்ணுல இருந்துதான ஒண்ணு வருது. இதுக்கு ரிச்சர்ட்சன் எக்ஸ்ட்ராபொலேஷன்னு பேரு, லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்ங்கற ஆங்கிலேய விஞ்ஞானி பேருல.

நவம்பர் 25

மேல ஓடுற வேகம் வேற, சராசரி வேகம் வேற. அடியிலயும் கரையிலயும் உரசி தண்ணி மெதுவாத்தான் போவும், அதனால 0.85-ஆல பெருக்குறது வழக்கம். செகண்டுக்கு 0.5 மீட்டர். அப்போ செகண்டுக்கு 83, 84 கன அடி. மாமாகிட்ட சொன்னதும் மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனா அந்த 0.85, கால்வாய்க்குக் கால்வாய் மாறும். 0.8-ன்னு வச்சா 79, 0.9-ன்னா 88. முடிச்ச ரெண்டு மடங்காக்குனதுல சிம்சன் விடை ஒரு சதவீதம் சொச்சம்தான் அசைஞ்சது, இந்த ஒத்த நம்பர்ல பத்து சதவீதத்துக்கு மேல போவுது.

அந்த ரிச்சர்ட்சனுக்கும் இதுதான் நடந்திருக்கு. 1910 மே 20-ஆம் தேதி வானிலைய கையாலயே கணக்குப் போட்டுப் பாத்தாரு, ஆறு மணி நேரத்துல காத்தழுத்தம் 145 மில்லிபார் ஏறும்னு வந்துச்சு, நெசத்துல அன்னைக்கு அழுத்தம் பெருசா அசையவே இல்ல. அதை மறைக்காம 1922-ல புஸ்தகத்துலயே போட்டாரு, எவ்வளவு பெரிய மனசு! பின்னால ஆராய்ஞ்சவங்க, அவரு ஆரம்பத்துல எடுத்த காத்து, அழுத்த அளவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போவலன்னும் அதைச் சீராக்கிட்டு அதே முறையில போட்டா நியாயமான விடை வருதுன்னும் காட்டுனாங்க. சிலபஸ்ல ரூலோட பிழைக்கு ஃபார்முலா இருக்கு, உள்ள போற நம்பரோட பிழைக்கு ஒரு வரி கூட இல்லயே, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

நவம்பர் 26

அடுத்து, கால்வாய அகலத்துல துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் தனியா குரும்பை விட்டு, பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டணும். மாமாகிட்ட கேட்டேன். "சனிக்கிழம காலையிலயே வந்துருலே, அதுக்கு மேல முறைத் தண்ணி மாறிரும்"ன்னாவ.