எழுதிக் கொடுப்பவர்

எங்கள் இறையியல் கல்லூரி முதல்வர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தபோதே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது. மேசைமேல் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம், நீல மை, நிதானமான எழுத்து. கீழே பெயர் இல்லை. மொட்டைக் கடிதாசி. புதிய ஏற்பாடு நடத்தும் மேற்படி ஆசிரியர், அதாவது நான், பரிசுத்த பவுல் அப்போஸ்தலருடைய நிருபங்களில் பாதி அவர் எழுதியதல்ல என்று போதித்து வருகிறாராம். வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, 'பாதி' என்று நான் சொல்லவே இல்லையே என்பதுதான்.

நிருபம் என்றால் கடிதம்; பைபிளில் பவுலின் பெயரோடு வரும் நிருபங்கள் 13. ரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், முதலாம் தெசலோனிக்கேயர், பிலேமோன் என்ற ஏழைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. மற்ற ஆறில் உண்டு. நான் வகுப்பில் சொன்னது இவ்வளவுதான். எபிரெயர் நிருபத்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதில் எழுதியவர் பெயரே கிடையாது. அதை யார் எழுதினார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வம்பு வந்தது தீமோத்தேயு இரண்டு, தீத்து ஒன்று என்ற மூன்று நிருபங்களால். 1807இல் ஷ்லையர்மாகர் என்ற ஜெர்மன் இறையியலாளர், முதலாம் தீமோத்தேயு பவுல் எழுதியதுதானா என்று கிளப்பிய சந்தேகம் அது. 1921இல் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் உட்கார்ந்து சொற்களை எண்ணினார். ஆட்பெயர், ஊர்ப்பெயர் நீக்கினால் இந்த மூன்று நிருபங்களிலும் வெவ்வேறான சொற்கள் 848. அவற்றில் 306 சொற்கள் பவுலின் மற்ற பத்து நிருபங்களில் எங்குமே இல்லை. இந்த எண்களை நான் போர்டில் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. வாயால் சொன்னால் அது ஒரு வாதம். சாக்பீஸில் எழுதிவிட்டால் தீர்ப்பு மாதிரித் தெரிகிறது.

அன்று மாலைக் கூட்டத்தில் என்னைக் காப்பாற்றியவர் பழைய ஏற்பாடு நடத்தும் மூத்த ஆசிரியர். பேச்சே பேசாமல், மோசேயின் ஐந்து ஆகமங்களில் கடைசியான உபாகமத்தில் 34ஆம் அதிகாரத்தைத் திறந்து, மோசே இறந்ததையும், இந்நாள்வரைக்கும் ஒருவனும் அவன் பிரேதக்குழியை அறியான் என்பதையும் வாசித்தார். "ஐந்து ஆகமங்களும் மோசேயுடையவை என்றால் இந்த வரியை எழுதியது யார் ஐயா?" என்று முதல்வரையே கேட்டார். கேள்வி புதிதல்ல. யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில், பாபா பத்ரா பகுதியில், ரபீக்கள் என்ற யூத குருமார் இதை வைத்து மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்கிறது ஒரு கட்சி. இல்லை, கடவுள் சொல்லச் சொல்ல மோசேயே எழுதினார், கண்ணீரோடு எழுதினார் என்கிறார் ரபி சிமியோன். தன் சாவைத் தானே கண்ணீரோடு எழுதும் ஒரு கிழவர்! மூத்தவர் இதைச் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை. என்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று முடிந்தது.

ஆனால் ஆசிரியர் அறையில் வேறு வேலை ஆரம்பித்தது: யார் எழுதியது? கடிதாசியை நாலு பேர் கூடி அலசினோம். 'மேற்படி' ஒன்பது இடத்தில், 'யாதொரு' மூன்று இடத்தில். "யாதொரு ஆட்சேபணையும் இன்றி" என்று எந்தப் பையன் எழுதுவான்? எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் ஓர் உபதேசியார், அதாவது சபை ஊழியர், இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஊழியத்துக்கு வருமுன் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் எதிரில் இருபது வருடம் பத்திரம் எழுதியவர். அவர்தான் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். சொல்லை எண்ணியே ஆளைப் பிடித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ஹாரிசனுக்கு நான் ஒன்றும் குறைந்தவனில்லை!

அடுத்த இரண்டு வாரம் அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. அவர் கை தூக்கினால் பார்க்காத மாதிரி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவேன். சின்னத்தனம்தான்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அவரே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, அந்தக் கடிதாசி என் கையெழுத்துதான்."

"தெரியும்."

"எழுத்துதான் என்னுது. எழுதிக் கொடுப்பவர் வேற ஆளு. மூணு பேரு வந்து உட்கார்ந்து சொன்னாங்க, நான் எழுதினேன். 'பொய்யன்'னு போடச் சொன்னாங்க. நான்தான் அதை எடுத்துட்டு 'போதித்து வருவது'ன்னு போட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது. கிரையப் பத்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "எழுதிக் கொடுப்பவர்" என்று அதில் வருகிறவர் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். சிலருக்கு எழுதவே தெரியாது, கைநாட்டுதான். சொற்கள் முழுக்கப் பத்திர எழுத்தருடையவை. ஆனாலும் சொத்தை விற்றவர் எழுத்தர் இல்லை. ரோமர் 16ஆம் அதிகாரத்தில், இந்த நிருபத்தை எழுதின தெர்தியு நான் என்று ஒருவர் நடுவில் தலைநீட்டி வாழ்த்துச் சொல்கிறாரே, அவரும் இதே உத்தியோகம்தான். கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் கடைசியில் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதுவதும் கைநாட்டு மாதிரி ஒரு காரியம். இதையெல்லாம் வகுப்பில் நடத்தியவனே நான்தான். நடத்திவிட்டு, 'மேற்படி'யை எண்ணி ஆளைத் தீர்மானித்துவிட்டேன். அந்த மூன்று பேர் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"லைசென்ஸ் நம்பர் போடாம விட்டுட்டீங்களே?" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அத்தோடு போயிருந்தால் நல்ல கதை. ஆனால் அடுத்த வகுப்பில் நான் இதையே மருந்தாக்கப் பார்த்தேன். நிருபங்களின் நடை மாறுவதற்கு எழுத்தர் காரணமாக இருக்கலாம், குருவின் பெயரில் சீடர்கள் எழுதுவதும் அன்றைக்கு மரியாதைதான் என்று நீட்டி முழக்கினேன். உபதேசியார் எழுந்தார்.

"ஐயா, உயிரோட இருக்கிற ஆளுக்காக எழுதினா நான் எழுத்தர். பவர் வாங்கி எழுதினாலும் சரி. ஆள் செத்துட்டா பவரும் அதோட போச்சு. செத்தவர் பேருல பத்திரம் போட்டா அதுக்குப் பேரு வேற."

வகுப்பு என்னைப் பார்த்தது. அவர் சொன்னது ஆதி சபைக்கும் தெரியும். ஆசியாவில் ஒரு மூப்பர் பவுலைப் பற்றி ஒரு நூலைக் கட்டி எழுதினார்; மாட்டிக்கொண்டதும், பவுல் மேலிருந்த அன்பினால் செய்தேன் என்றார்; பதவி போய்விட்டது. பழைய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதி வைத்திருக்கும் செய்தி இது. அன்பு காரணமாக இருந்தும் விடவில்லை. இரண்டாம் தெசலோனிக்கேயரிலேயே எங்கள் பெயரில் வரும் நிருபத்தைக் கண்டு கலங்காதிருங்கள் என்று எச்சரிக்கை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தகராறு உள்ள ஆறில் அந்த நிருபமும் ஒன்று. அன்றைக்கு "சீடர்களின் மரியாதை" என்று நான் சொன்னதில் எனக்கே பாதி நம்பிக்கைதான். சுலபமாக ஆறுதல் சொல்ல ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். உபதேசியாரிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

பருவத் தேர்வில் இரண்டு தீமோத்தேயு நிருபங்களின் ஆசிரியர் யார் என்று கேட்டிருந்தேன். உபதேசியார் இரண்டாம் தீமோத்தேயுவின் நாலாம் அதிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். துரோவாவில் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்று ஒரு வரி அதில் வருகிறது. 'கள்ளப் பத்திரம் எழுதுகிறவன் சொத்தைப் பற்றித்தான் எழுதுவான், ஒரு பழைய அங்கியைப் பற்றி எழுத யாதொரு அவசியமும் இல்லை; இருபது வருடத்தில் நான் பார்த்த கள்ளப் பத்திரங்களில் இப்படி ஒன்றுகூட இல்லை' என்று எழுதியிருந்தார். கைதேர்ந்த கள்ளன் என்றால் நம்ப வைப்பதற்காகவே அங்கியை நுழைப்பான் என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். பத்துக்கு எட்டு போட்டேன். முதலாம் தீமோத்தேயுவை அவர் தொடவே இல்லை. அதற்குத்தான் இரண்டைக் குறைத்தேன்.