பாட்டி கழற்றச் சொன்ன குழாய்

2021 ஏப்ரலில் நான் கரீபியனில் உள்ள செயின்ட் வின்சென்ட் தீவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். கிங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் மாடி வாடகை வீடு. வடக்கே லா சூஃப்ரியேர் எரிமலை டிசம்பர் கடைசியிலேயே விழித்துவிட்டது. ஏப்ரல் 8 அன்று பிரதமர் ரால்ஃப் கொன்சால்வஸ், வடக்கில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்.

அன்று ராத்திரி வீட்டுக்காரம்மாவின் அக்கா சாண்டி பே கிராமத்திலிருந்து ஒரே ஒரு பையுடன் வந்து சேர்ந்தார். தீவின் பூர்வகுடிகளான கலினாகோ வம்சம். எனக்கு அவர் பாட்டி. 1902இல் இதே மலை வெடித்துச் சுமார் 1,600 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் அவருடைய மக்கள். 1979 பெரிய வெள்ளியன்று மறுபடி வெடித்தபோது, இவரே கைக்குழந்தையுடன் ஓடியிருக்கிறார்.

நாங்கள் எல்லாரும் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "பிள்ளை, முதலில் தண்ணீரைப் பார்" என்று, கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் மழைநீர்க் குழாயைக் கழற்றச் சொன்னார். தொட்டி வாயைத் தார்ப்பாயால் மூடி இறுக்கிக் கட்டினோம்.

மறுநாள் காலை 8.41க்கு மலை வெடித்தது. அதற்கடுத்த நாள் விடிந்தபோது தெரு, மரம், கார் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கந்தக நாற்றம். பல்லுக்கு நடுவே நறநற என்றது.

அடுப்புச் சாம்பல் மாதிரி ஊதினால் பறக்கும் என்று நினைத்திருந்தேன். இது பொடியான பாறையும் கண்ணாடியும். நிறையத் தண்ணீர் ஊற்றினால் சிமெண்ட் போல இறுகிவிடும். கூரையே பாரம் தாங்காது. லேசாகத் தெளித்து, வழித்து, சாக்கில் அள்ள வேண்டும். நானும் வீட்டுக்காரம்மாவின் மகனும் இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு தகரக் கூரையில் ஏறினோம். ஒருநாள் முழுக்க அள்ளி இறங்கினால், மறுநாள் அதே இடத்தில் அதே கனம். ஏப்ரல் 22 வரை வெடிப்புகள் நிற்கவில்லை.

குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. எங்கள் தொட்டித் தண்ணீர்தான் பக்கத்து மூன்று வீடுகளுக்கும். ஆளுக்கு ஒரு வாளி. பாட்டிதான் அளந்து கொடுத்தார். ஆஸ்துமா உள்ள பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு மட்டும், அவன் அறையில் ஈரத்துணி போட்டுத் துடைக்க, அரை வாளி கூடுதல். நான் பாடப்புத்தகத்தில் படித்ததை அவர் கேட்காமலே செய்தார்.

அப்புறம் பெரிய மழை வந்தது. குழாயை மாட்டலாமா என்று கேட்டேன். பாட்டி கூரைத் தண்ணீரைக் கையில் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "மணல் இருக்கிறது. இன்னும் இல்லை." மூன்றாவது மழையில்தான் தலையசைத்தார்.