ஆயிரம் மன்னிப்பு

"நான்காம் இலக்கப் பெற்றோல் பம்பு வேலை செய்யவில்லை, மன்னிக்க வேண்டும்" என்றேன். எதிரே நின்ற வெள்ளைக்காரக் கிழவர் சட்டென்று இரண்டு கைகளையும் கூப்பி, தலையை ஆட்டி, "ஆயிரம் மன்னிப்புகள்!" என்றார். சொல்லிவிட்டுத் தானே குலுங்கிச் சிரித்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், இழுவை மட்டும் நம் பக்கத்து இழுவை.

லண்டனுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. இனி எதுவும் உறைக்காது என்று இருந்தேன். உறைத்தது. இதில் வெட்கம் என்னவென்றால், வசனம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. 1977இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பு, அதில் தலைப்பாகையோடு ரஞ்சித் சிங். ஊரில் அயல் வீட்டு விறாந்தையில் பாயில் இருந்து அதைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தவன் நான். படம் கலங்கினால் அந்த வீட்டு மாமா ஓடிப்போய் அன்ரனாக் குழாயைத் திருப்புவார். "சரியா?" என்று முற்றத்திலிருந்து குரல் வரும். "இன்னும் கொஞ்சம்!" என்று நாங்கள் கத்துவோம். படம் தெளிவதற்குள் பகிடி முடிந்திருக்கும். பெட்டிக்குள் இருப்பவர்கள் சிரித்தால் நாங்களும் சிரிப்போம். பாதி ஆங்கிலம் யாருக்கு விளங்கியது?

அந்த ரஞ்சித் சிங் பஞ்சாபி இல்லை என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். அந்த வேடத்தில் நடித்த ஆல்பர்ட் மோசஸ் பிறந்தது கம்பளையில். கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில் பஸ் நிற்குமே, அதே கம்பளை. பாகிஸ்தானியராக நடித்த டினோ ஷஃபீக் பிறந்தது டாக்காவில். எழுதியவர்களுக்கு எல்லாம் ஒரே சட்டிக் கறி. மோசஸ் ஜேம்ஸ் பாண்ட் படத்தில்கூட நடித்தார். ஆனாலும் 2017இல் அவர் இறந்த பிறகும் கிழவருக்கு நினைவிருப்பது தலைப்பாகைதான்.

வகுப்பு ஆசிரியராக வந்த பாரி எவன்ஸுக்குப் பால்வடியும் முகம். முகத்துக்காகவே வந்த வேடங்கள் வயது ஏறியதும் நின்றன. பிற்காலத்தில் லெஸ்டர்ஷயரில் டாக்சி ஓட்டினார். 1997இல், 53 வயதில் இறந்தார். இங்கே டாக்சி ஓட்டும் என் நண்பர்களிடம் "உங்களை எங்கோ பார்த்திருக்கிறேனே" என்று பின்னாலிருந்து யாரும் கேட்பதில்லை. அந்த மட்டில் கொடுத்து வைத்தவர்கள்.

என்னை விடாமல் பிடித்திருப்பவர் ஆண்ட்ரூ சாக்ஸ். ஒரு ஹோட்டலில் நடக்கும் 'ஃபால்டி டவர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் மொத்தமே 12 பகுதிகள். அதில் முதலாளியிடம் ஓயாமல் அடிவாங்கும் ஸ்பானிய வெயிட்டர் மானுவல் அவர்தான். உண்மையில் பெர்லினில் பிறந்தவர், தந்தை யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் குடும்பம் இங்கே வந்தபோது அவருக்கு எட்டு வயது. அகதிப் பிள்ளை ஒன்று நாக்கை வளைத்து ஆங்கிலம் படித்து, இந்த ஊர்க்காரரைப் போலவே பேசப் பழகி, கடைசியில் பெயர் வாங்கியது ஆங்கிலம் விளங்காத வெளிநாட்டவராக! 2016இல் அவர் இறந்த செய்தியையும் மானுவலின் பெயரோடுதான் சொன்னார்கள். அன்று இரவு வேலையில் நின்ற எனக்கு, சொந்தக்காரர் ஒருவர் போனதைப் போல இருந்தது.

என் வேடம் இந்தக் கல்லாப்பெட்டி. ஊரில் நான் கணித வாத்தியார். ஒன்பதாம் வகுப்புக்கு அட்சரகணிதம். கரும்பலகையைத் துடைத்த கையோடு வேட்டியைத் தொட்டுவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கியவன். இங்கே கலியாண வீட்டில் புதிதாக அறிமுகமாகும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பெற்றோல் நிலையம்?"

மறு வாரம் கிழவர் மீண்டும் வந்தார். பம்பு திருத்தியாகிவிட்டது. விடக்கூடாது என்று, "அந்த நடிகர் எங்கள் நாட்டவர், கம்பளையில் பிறந்தவர்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! கம்பளை பஞ்சாபில் எந்தப் பக்கம்?"

"கொஞ்சம் தெற்கே" என்றேன். "இருபது பவுண்டு, ஐயா."