பதினொரு சொல்லுக்கும் ஒரே அர்த்தம் எழுதி வைத்திருந்தேன்

போன வாரம் மத்திய அரசு வேலைக்கான சிஜிஎல் தேர்வின் இறுதிப் பட்டியல் வந்தது. என் எண் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய முறை 3.2 மதிப்பெண்ணில் போனவன் நான். இரண்டாம் கட்டத்தில் ஒரு விடை தப்பினால் வரவேண்டிய 3 போகும், அதற்கு மேல் 1 கழியும். ஆக நான்கு. அந்த நான்கும் ஆங்கிலப் பகுதியில் எந்தச் சொல்லில் போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும்: 'கௌ' (cow). மாட்டுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிற அதே மூன்று எழுத்து.

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வி. முதலாளியின் மிரட்டலில் தொழிலாளர்கள் அடங்கிப் போனார்கள் என்கிற மாதிரி வாக்கியம். விடைகளில் 'கௌட்' இருந்தது. மாட்டுக்கு இங்கே என்ன வேலை என்று அதைத் தள்ளிவிட்டு 'ஸ்டார்ட்டில்ட்' மேல் அழுத்தினேன். உண்மையில் வினையாக வரும் 'கௌ'வுக்கும் மாட்டுக்கும் தொடர்பே கிடையாது. மிரட்டிப் பணிய வைப்பதுதான் அது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். பயம் சம்பந்தமாகப் பதினொரு சொல் எழுதியிருந்தேன். முதல் வரியில் 'பயமுறுத்து'. கீழே பத்து வரியிலும் மேற்படிக் குறி. 'கௌ' அந்தப் பட்டியலிலேயே இல்லை. இருந்திருந்தாலும் அதற்கும் மேற்படிதான் போட்டிருப்பேன்.

தமிழில் நாம் அப்படிப் பேசுகிறோமா? பூச்சாண்டி காட்டுவது வேறு, உருட்டி மிரட்டுவது வேறு. மலைப்பு, பதற்றம், திகில், கிலி எல்லாம் தனித்தனி. இந்த முறை அதைத்தான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வி: பயந்தவர் அடுத்து என்ன செய்தார்?

ஸ்டார்ட்டில்: தூக்கிவாரிப்போட்டது, அடுத்த நொடியே சரியாகிவிட்டது. பின்னால் வந்து தோளைத் தொட்டாலே போதும்.
அலார்ம்: பதறினார். ஏதோ ஆபத்து வருகிறது.
பெட்ரிஃபை: கல்லாய்ச் சமைந்தார். கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் பாறை.
டான்ட்: மலைத்துப் போனார். பெரும்பாலும் வேலையோ பொறுப்போதான் இப்படிச் செய்யும். பாடத்திட்டத்தை முதல் நாள் பார்க்கும்போது வருமே, அதேதான்.
இன்டிமிடேட்: எதிர்த்துப் பேசத் துணியவில்லை.
ப்ரௌபீட்: அதட்டலும் உருட்டலும் தாங்காமல் ஒத்துக்கொண்டார்.
கௌ: பணிந்தே போனார்.
டிட்டர்: செய்ய நினைத்ததைக் கைவிட்டார்.

'ஹாரிஃபை' மட்டும் எனக்குப் படித்த அன்றே பதிந்துவிட்டது. அதன் லத்தீன் வேருக்கு மயிர் சிலிர்த்து நிற்பது என்று பொருள். நம் மயிர்க்கூச்செறிதல்தான். ஆனால் நமக்குப் பக்தியிலும் மயிர்க்கூச்செறியும். ஹாரிஃபையில் அதிர்ச்சியும் அருவருப்பும் மட்டும்தான். கிலி பிடிக்க வைக்கும் 'டெரிஃபை', மேலே சொன்ன 'டிட்டர்' இரண்டும் ஒரே லத்தீன் வேரில் வந்தவை. 'டெரிஃபிக்' என்பதும் அந்தக் குடும்பம்தான், ஆனால் இன்றைக்கு அதற்குப் 'பிரமாதம்' என்று பொருள். எதிர்ச்சொல் கேள்வியில் கவனம்.

அப்புறம் பிழை கண்டுபிடிக்கும் பகுதி. இங்கே பொருளைவிட முன்னிடைச்சொல்தான் (ப்ரெபொசிஷன்) முக்கியம். மிரட்டி ஒன்றைச் செய்ய வைத்தால் 'இன்டு': இன்டிமிடேட், ப்ரௌபீட், ஸ்கேர் மூன்றுக்கும் இதுவே. செய்யவிடாமல் தடுத்தால் 'ஃப்ரம்'. 'டிட்டர்டு டு கோ' என்று பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், தப்பு. 'ஃப்ரம் கோயிங்' என்றுதான் வர வேண்டும். 'ஸ்கேர்டு' பயந்தவர், 'ஸ்கேரி' பயம் தருவது. இதை மாற்றிப்போட்டுப் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

மாதிரித் தேர்வு எத்தனை, எந்தப் புத்தகம் என்றெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் எழுதியது குறைவுதான். தினமும் இரவு பத்துச் சொல், ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்து ஒரு வாக்கியம். 'ப்ரௌபீட்'டுக்கு எங்கள் பழைய வீட்டுக்காரர். அவர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் அப்பாவை அதட்டி ஒரு தாளில் கையெழுத்து வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தச் சொல் இனி எனக்கு மறக்காது.

தேர்வறையில் சொல் கேள்விகளை முதலில் முடித்துவிடுங்கள், பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகள் கடைசியில். நான் சட்டென்று பதறுகிறவன், எனக்கு இதுதான் சரிப்பட்டது. நிதானமாகப் படிக்கிறவர்கள் பத்தியை முதலில் எடுத்தாலும் சரிதான்.