சாக்ஸபோனோடு பல்கலைக்கழகத்துக்குள் போன பாதை

கர்நாடக இசையை சாக்ஸபோனில் வாசிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "சார், இதை வாசிச்சுக்கிட்டே காலேஜ் வேலைக்குப் போக முடியுமா?" முடியும். நான் போயிருக்கிறேன், இன்று ஒரு பல்கலைக்கழக இசைத்துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆனால் எந்தப் படியில் எதைக் கேட்பார்கள் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் படிப்பவர்களுக்கு அண்ணன், அக்கா, சீனியர் என்று வழிகாட்ட நாலு பேர் இருப்பார்கள். சாக்ஸபோனுக்கு அது கிடையாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அப்பா கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். காவிரிக் கரைப் பக்கம் எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் பேண்டு செட் இல்லாமல் இருக்காது. அந்த செட்டில்தான் சாக்ஸபோனை முதலில் பார்த்தேன். 1994-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த ஒரு தமிழ்ப் படத்தில் சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் வாசித்த பிறகு, ஊர் ஊராக சாக்ஸபோனுக்குத் தனி மவுசு வந்தது. அவருடைய அப்பா நாகஸ்வரக் கலைஞர். அவரே மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டுத்தான் இந்த வாத்தியத்தின் பக்கம் வந்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், அப்புறம் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் படித்தார். பேண்டிலிருந்து கச்சேரி மேடைக்கு ஒரு வழி உண்டு என்று எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தெரிந்தது அவரால்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் நாகஸ்வர வித்வான். சாக்ஸபோனைத் தொட்டதே இல்லை. "மொதல்ல வாய்ல பாடுடா. பாட்டு உள்ள இருந்தா வாத்தியம் தானா வழி கண்டுபிடிக்கும்" என்பார். பாட்டு உள்ளே போனது. வாத்தியத்துக்கான வழியைத் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

அது ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் நேர்காணலில் எனக்கு வேலை வாங்கித் தந்ததே இந்தச் சங்கதிதான். ஆல்ட்டோ சாக்ஸபோனில் எஃப் சுரத்துக்கு விரல் வைத்தால் வெளியே கேட்பது ஜி ஷார்ப். நம் சுருதிக் கணக்கில் 5½ கட்டை. அதை ஸட்ஜமாக (ஆதார சுரமான 'ச'வாக) வைத்துக்கொண்டால் கீழே மந்திர மத்யமம் (கீழ் ஸ்தாயி 'ம') வரை போகலாம், மேலே தார ஸ்தாயி முழுவதும் கிடைக்கும். கர்நாடக இசைக்கு இதைவிட வசதியான வீச்சு வேண்டியதில்லை. சிக்கல் பஞ்சமத்தை ('ப') தாண்டியதும் ஆரம்பிக்கும். பஞ்சமத்துக்கு இடது கை நடுவிரல் ஒன்று போதும். அடுத்து வரும் சுத்த தைவதத்துக்கு ('த'வின் கீழ் நிலை) ஒரு விரலும் வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அதற்கும் ஒரு படி மேலே இருக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கோ ஆறு விரலும் மூடி, கூடவே கட்டைவிரலால் ஆக்டேவ் சாவியையும் (ஸ்தாயியை உயர்த்தும் சாவி) அழுத்த வேண்டும். வாய்ப்பாட்டில் மோகனத்தின் 'ப த' ஒரே வழுக்கில் வந்துவிடும். சாக்ஸபோனில் அதே இடத்தில் கை முழுவதும் ஒரு குதி குதித்தாக வேண்டும்.

நான் கண்டுபிடித்த வழி, உயர் ஸ்தாயிக்கென்று இடது உள்ளங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சாவியை, ஆக்டேவ் சாவி இல்லாமல் திறப்பது. சதுஸ்ருதி தைவதம் அதிலும் கிடைக்கும். நாதம் கொஞ்சம் மெலிந்திருக்கும், சுருதியை உதட்டால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வலது கைக்கு வேலையே இல்லை, ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது) உடையாமல் வரும். ஜாஸ் வாசிப்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த மாற்று விரல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தோடி ராகத்தின் காந்தாரத்தை ('க') பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்தச் சுருதியில், தோடியில் வரும் 'சாதாரண காந்தாரம்' என்ற அந்தச் சுரம் உட்காருவது இடது சுண்டுவிரலால் திறக்கும் ஜி ஷார்ப் சாவியில். எப்போதும் மூடியே இருக்கும் சாவி அது. எச்சிலும் ஈரமும் சேர்ந்து அதன் தோல் பேடு ஓட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். தோடி ஆலாபனையில் சுண்டுவிரல் அழுத்தும், சாவி எழும்பாது, காந்தாரமே வராது. கச்சேரிக்கு முன்னால் பேடுக்கும் ஓட்டைக்கும் நடுவே மெல்லிய தாளை வைத்து, அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுப்பது இன்றும் என் வழக்கம். இது இயந்திரப் பிரச்சினை, தீர்ந்துவிடும். தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைய வேண்டும் என்பதுதான் உண்மையான சோதனை. விரல் மட்டும் அசைந்தால் தனித்தனிப் படிக்கட்டாகக் கேட்கும். தாடையைத் தளர்த்தினால் சுருதி இறங்கும், ஆனால் கீழ் ஸ்தாயியில் அது கொஞ்சம்தான் இறங்கும். ஆகவே விரல் இடம் மாறும்போதே சாவியை முழுசாக விடாமல் பாதி தூக்கி, அந்த நேரத்தில் தாடையும் நாக்கின் அடிப்பகுதியும் சேர்ந்து இடைவெளியை நிரப்ப வேண்டும். ரொம்பக் கடினமான ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) போட்டால் இது நடக்காது. எனக்கு 2, 2½ எண் ரீடுதான் ஒத்துவந்தது.

சரி, படிப்பு. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் இருக்கும். சாக்ஸபோன் இருக்காது. நான் பட்டப்படிப்பிலும் முதுகலையிலும் வாய்ப்பாட்டையே முதன்மைப் பாடமாக எடுத்தேன். சாக்ஸபோன்காரர்கள் இதை நஷ்டம் என்று நினைக்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். பல்லவி பாடத் தெரியாதவர், சாகித்யத்தின் பதம் பிரியும் இடம் தெரியாதவர், எந்த வாத்தியம் வாசித்தாலும் வகுப்பில் நிற்க முடியாது.

அடுத்தது ஆகாசவாணி ஆடிஷன். 'பி', 'பி ஹை', 'ஏ', அதற்கு மேல் 'டாப்' என்று கிரேடுகள். கேட்பவர்களுக்கு நம் பெயர் தெரியாது. நான் ஸ்டுடியோவில் வாசித்தேன், அவர்கள் வேறு அறையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்கள். என்னை அடையாளம் சொல்ல ஒரு எண் மட்டும்தான். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. மேடையில் இந்தப் பித்தளை வாத்தியத்தைப் பார்த்ததுமே "பேண்டு வாத்தியம்" என்ற முடிவோடு உட்காருபவர்கள் உண்டு. அங்கே காது மட்டும்தான். சாக்ஸபோன்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒலி அளவு. கோயில் பிராகாரத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஊதிப் பழகிய மூச்சை ஸ்டுடியோ மைக் தாங்காது. அதனால் பல மாதங்கள் சின்ன அறையில் சன்னமாக வாசித்துப் பழகினேன். சன்னமாக வாசிக்கும்போதுதான் சுருதி நழுவுவது நன்றாகத் தெரியும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட் தேர்வைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 3 மணி நேரம், முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாவதில் 100, தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இசைக் கலைச்சொற்களை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. பிருஹத்தேசி, சங்கீத ரத்னாகரம், சதுர்தண்டி பிரகாசிகை போன்ற பழைய இசை நூல்கள் எல்லாம் நமக்கு வகுப்பிலேயே வந்திருக்கும். இந்துஸ்தானிப் பகுதிதான் புதிது. நான் அதை மனப்பாடம் செய்யவில்லை, வாசித்தே படித்தேன். பூரியா, மார்வா, சோஹினி ராகங்கள் மூன்றுக்கும் சுரங்கள் ஒன்றே. நம் கமனாசிரம ராகத்தில் பஞ்சமத்தை எடுத்துவிட்டால் வருபவை. எந்த சுரத்தில் நிற்கிறோம், எந்த ஸ்தாயியில் உலவுகிறோம் என்பதில்தான் ராகம் மாறுகிறது. ஒரு சாயங்காலம் மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தால் மறக்கவே மறக்காது.

இடையில் கௌரவ விரிவுரையாளராகச் சில வருடங்கள் ஓடின. எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சம்பளம் குறைவு, மே மாதம் அதுவும் கிடையாது, அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்பது ஜூன் வரை தெரியாது. முகூர்த்த நாட்களில் கச்சேரி வருமானம் இருந்ததால் குடும்பம் ஓடியது. அந்த வருடங்களில் நிறையப் பேர் இந்தப் பாதையை விட்டுப் போவதைப் பார்த்தேன். திறமை குறைந்தவர்கள் அல்ல. வீட்டு வாடகை கட்ட முடியாமல் போனவர்கள். இது எனக்கு இன்றும் மனசு பொறுக்காத விஷயம்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு இரண்டு வாசல் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் வாசல் முதுகலையில் 55 சதவீதமும் நெட் தேர்ச்சியும், அல்லது முனைவர் பட்டமும். நான் நெட் வழியாக வந்தேன். இரண்டாவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறைகளில் கலைஞர்களுக்கென்றே இருப்பது. இளங்கலைப் பட்டம் இருந்து, பெயர்பெற்ற குருவிடம் பயின்று, ஆகாசவாணி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' கிரேடு பெற்றவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் பாடத்தைத் தர்க்கத்தோடு விளக்கும் திறனும், உதாரணங்களோடு கோட்பாடு நடத்தும் அறிவும் வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. எந்த வாசலில் போனாலும் நேர்காணலில் கடைசியில் சோதிப்பது இந்த விளக்கும் திறனைத்தான். கச்சேரி அழைப்பிதழ்கள், ஆகாசவாணி ஒப்பந்தக் கடிதங்கள், குருவிடம் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே கோப்பில் சேர்த்துவையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

நேர்காணலில் நிபுணர் ஒருவர் கேட்டார்: "இந்த வாத்தியத்தைப் பல்கலைக்கழகத்துல எதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வயலினும் வெளியிலிருந்து வந்ததுதானே, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஏற்றுக்கொள்ளவில்லையா என்ற பதில் எல்லோர் வாயிலும் வரும். எனக்கு அது போதாது என்று தோன்றியது. வெளியிலிருந்து வந்த எல்லாமே இங்கே நிலைத்துவிடவில்லையே. நான் குழலின் வடிவத்தைப் பற்றிச் சொன்னேன். கிளாரினெட்டின் குழல் நெடுக ஒரே அகலம். அழுத்தி ஊதினால் அடுத்த ஸ்தாயியையும் தாண்டி அதன் பஞ்சமத்துக்குத் தாவும். சாக்ஸபோன் குழல் நாகஸ்வரத்தைப் போலவே மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. இரண்டுமே அழுத்தி ஊதினால் சரியாக அடுத்த ஸ்தாயிக்குப் போகும். 1846-ல் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய வாத்தியம், குழலின் குணத்தில் கிளாரினெட்டைவிட நம் நாகஸ்வரத்துக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. நாகஸ்வரத்தின் இரட்டை ரீடான சீவாளிக்குப் பதில் ஒற்றை ரீடு, விரல் துளைக்குப் பதில் சாவி, இவை இரண்டுதான் பெரிய வித்தியாசம். ஆகவே நாகஸ்வரத்தில் இயல்பாக வரும் ஒரு கமகம் (சுரத்தின் அசைவு) இதில் எங்கே தடைபடுகிறது, அதை எப்படி மீட்பது என்று மாணவன் ஆராயும்போது, கமகம் எதனால் ஆனது என்பது அவனுக்குப் புரியும். வாய்ப்பாட்டில் தானாக வந்துவிடும் அசைவை இங்கே பிரித்துப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

உடனே "வாசித்துக் காட்டுங்கள்" என்றார்கள். தோடி காந்தாரத்தை முதலில் விரலால் மட்டும், பிறகு தாடையால் மட்டும், கடைசியில் இரண்டும் சேர்த்து வாசித்தேன். பாடியும் காட்டினேன். அப்புறம் கேட்டதெல்லாம் கமகத்தைப் பற்றித்தான், வாத்தியத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

வேலை கிடைத்த பிறகு நடந்தது இன்னொரு படிப்பு. மேடையில் உதடு செய்வதைச் சொல்லத் தேவையில்லை, செய்தால் போதும். வகுப்பில் "இப்படி ஊது" என்றால் பிள்ளைகள் இன்னும் பலமாக ஊதுகிறார்கள், அவ்வளவுதான். 'ஈ' என்று சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கிறது, 'ஆ' என்னும்போது எங்கே போகிறது என்று முதலில் வாத்தியம் இல்லாமல் பார்க்கச் சொல்கிறேன். பிறகு ஒரே விரல் வைப்பில் அந்த இரண்டையும் மாற்றச் சொல்கிறேன். சுருதி நகர்வதை அவர்களே கேட்டு ஆச்சரியப்படுவார்கள். நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மூச்சு ஏற்கெனவே இருக்கும், கை சாவிக்குப் பழக நாளாகும். வாய்ப்பாட்டிலிருந்து வருபவர்களுக்கு இதற்கு நேர்மாறு. ஒரே வகுப்பில் இரு சாராரையும் உட்காரவைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் துறையில் சாக்ஸபோன் இப்போதைக்குத் துணைப்பாடம்தான். முதன்மைப் பாடமாக்க வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவிடம் ஒரு வரைவு கொடுத்திருக்கிறேன். முதல் பருவத்தில் தொடக்கப் பயிற்சியான வரிசைகளோடு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைச் சேர்த்திருக்கிறேன். ஆங்கிலேய பேண்டு மெட்டுகளை ஒட்டி வந்தவை என்பதால் கமகம் குறைவு, புது விரலுக்கு எளிது, நாதத்தைச் செம்மைப்படுத்த நேரம் கிடைக்கும். நான்காம் பருவத்தில்தான் தோடி வருகிறது, பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் "ஏரா நாபை" வர்ணத்தோடு. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து சாக்ஸபோன் தெரிந்த தேர்வாளர் கிடைப்பாரா என்பதுதான் குழு எழுப்பிய ஆட்சேபம். நாகஸ்வர வித்வான் ஒருவரும் வாய்ப்பாட்டுப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து மதிப்பிடலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள்.